தம்பி சேர்த்துக் கொடுத்த கம்ப்யூட்டர்

விஜயதசமி அன்று காலை எங்கள் கடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. படுத்த நேரத்தைப் பாருங்கள், விடிந்தால் என் மகள் யோகேஸ்வரிக்குக் காதுகுத்து.

புதுப்பட்டினம் மார்க்கெட் பக்கம் நானும் என் வீட்டுக்காரர் பூவராகவனும் பேனர் கடை வைத்திருக்கிறோம். டிசைன் போடுவது நான். பிரிண்ட் எடுத்து, சட்டம் அடித்து, கம்பத்தில் ஏறிக் கட்டுவது அவர். ஊரார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் விழுந்து விழுந்து பேனர் அடித்த நாங்கள், சொந்தப் பிள்ளையின் பேனரை மட்டும் கடைசி நாள்வரை அடிக்கவில்லை. விஜயதசமிக்கு முதல் வேலையாக நம்ம வீட்டு வேலையை எடுத்தால் வருஷம் முழுக்கக் கடை ஓடும் என்பது அவர் கணக்கு. அவர் கணக்கெல்லாம் காதுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

எனக்கு அந்த பேனர் ஆடம்பரத்துக்கு இல்லை, என் தம்பி சரவணகுமாருக்காக. நாங்கள் புது வீடு குடிபோனபோது எனக்கு ஓயாத வேலை. பேனரை இவரிடம் விட்டேன். மேலே வரிசையாக இவருடைய வாலிபால் கூட்டாளிகள், ஆளுக்கொரு கூலிங் கிளாஸோடு. என் தம்பியின் படம் அடியில், கடை போன் நம்பருக்குப் பக்கத்தில், ஸ்டாம்பு அளவில். சீர்த்தட்டோடு வந்தவன் தெருமுனையில் அதைப் பார்த்தான். தட்டை வைத்தான், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். ரோஷம் எங்கள் குடும்பத்தில் தாராளம். மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

அம்மா அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவன் ஒருத்தன்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? வெற்றிலை பாக்கோடு படூரில் அவன் ஃபிளாட்டுக்குப் போனோம், பூட்டியிருந்தது. பத்திரிகையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

அதனால் ஒரு யோசனை செய்து வைத்திருந்தேன். அவன் படத்தை பேனர் நடுவில் ஆள் உயரத்துக்குப் போட்டு, 'தாய்மாமன்' என்று கொட்டை எழுத்தில் அடித்து, இன்று மாலையே கட்டி, போட்டோ எடுத்து அனுப்புவது. கல்லும் கரையும், இவன் கரையமாட்டானா? இதற்குத்தான் அந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். பேனர் அடிக்கும் மெஷின் அது சொன்னால் மட்டும்தான் கேட்கும். ஊரில் இருந்த இன்னொரு பேனர் கடையும் பூஜைக்கு மூடிக் கிடந்தது.

பட்டனை அழுத்தினேன், சத்தமில்லை. பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டால் உள்ளே ஃபேன் மட்டும் நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றது. இவர் கம்ப்யூட்டர் பொட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு கற்பூரம் ஏற்றிக் காட்டினார்.

"அதுக்கு கண்ணு பட்டுருக்கும் வச்சலா."

"படும் படும். நீ தள்ளு, நான் பாக்கறேன்" என்றேன்.

வேறு ஒயர் போட்டுப் பார்த்தேன். யூபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவரில் சொருகினேன். அதே சாக்கெட்டில் டேபிள் ஃபேன் ஜம்மென்று ஓடியது, ஆகவே கரண்டின் மேல் குற்றமில்லை. வழக்கமாக வந்து பார்க்கும் ஞானதாஸ் அண்ணன் மதுராந்தகத்தில் மாமியார் வீட்டில் இருந்தார். "நாளான்னிக்கு வரேம்மா" என்று வைத்துவிட்டார். பின்னால் கறி வேகும் விசில் கேட்டது.

"மச்சானுக்கே ஒரு போன் போடேன். அவன் சேத்த பொட்டிதான இது?" என்றார் இவர்.

வாஸ்தவம்தான். செங்கல்பட்டில் படித்த காலத்தில் சென்னை ரிச்சி தெருவுக்கு அலைந்து பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, என் கடைக்கென்று சரவணன் சேர்த்துக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. ஆனால் சமாதானத்துக்கு அடிக்கிற பேனருக்கு அவனையே வேலைக்குக் கூப்பிடுவதா? மானம் தடுத்தது. மணி பன்னிரண்டைத் தாண்டியதும் மானமாவது மண்ணாவது என்று போன் போட்டேன்.

எடுத்தான். "சொல்லு" என்றான். அக்கா என்று வரவில்லை.

"கடையில கம்ப்யூட்டர் ஆன் ஆவல."

வைத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

"கரண்ட் வருதா?"

"வருது. ஒயர் மாத்தி பாத்தேன். ஃபேன் லேசா சுத்திட்டு நின்னுடுது."

"வீடியோ கால் போடு. பிளக்க புடுங்கிட்டு சைடு மூடிய கழட்டு."

கழற்றினேன். உள்ளே ஒரு பல்லி முட்டை, தலையணைக்கு ஆகும் அளவுக்குத் தூசி. அவன் முகம் போனில் சுளித்தது. இளைத்திருந்தான்.

"தொடைக்கவே மாட்டியா நீ? கடல் காத்து வேற. ரேம் கீதே, நீட்டமா, அத கழட்டி, தங்க கலர்ல பல்லு மாதிரி கீற எடத்துல அழி ரப்பர் போட்டு தேய்."

இவர் ஓடிப்போய் ரப்பர் வாங்கி வந்தார். தேய்த்து மாட்டினேன். மறுபடி நாலு சுற்று, பிறகு மௌனம்.

"எஸ்எம்பிஎஸ் பூட்ச்சா மச்சான்?" என்று இவர் பின்னாலிருந்து கேட்டார். சரவணன் அவருக்குப் பதில் சொல்லவில்லை, என்னிடம் பேசினான்.

"உள்ள கரண்ட் குடுக்கறதே எஸ்எம்பிஎஸ்தான், அது பூட்ச்சின்னா ஃபேனே சுத்தாது. நல்லா பாரு, ஆன் ஆவுது, ஒடனே ஆஃப் ஆவுது. யாரோ பட்டன அமுக்கி புடிச்சிகினு கீற மாதிரி கீது."

"யாரும் தொடலயேடா."

"இரு. பட்டன்லேந்து ஒரு ஒயர் போர்டுக்கு வரும், அத உருவு. அங்க ரெண்டு குட்டி கம்பி நீட்டிகினு இருக்கும். பிளக்க போட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால ரெண்டையும் ஒரே வாட்டி தொட்டுட்டு கைய எடுத்துடு."

தொட்டேன். ஃபேன் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து மானிட்டரில் வெளிச்சம் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பொட்டியைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

"அப்போ பட்டன்தான். முன்னாடி பக்கம் காட்டு" என்றான்.

போனைத் திருப்பினேன். அவன் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தான்.

"பட்டன் மேல இன்னாக்கா அது, மஞ்சளும் செவப்புமா?"

நானும் அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். கடையில் எல்லாவற்றுக்கும் பொட்டு இருந்ததால் அது தனியாக உறுத்தவில்லை. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு இவர் குழைத்துக் குழைத்து வைத்த சந்தனமும் குங்குமமும். மௌஸுக்கு வைத்தார், கத்தரிக்கோலுக்கு வைத்தார், பொட்டிக்கு மட்டும் தாராளமாக ஒரு உருண்டை. அது பட்டனை உள்ளே அழுத்தி, இடுக்கில் இறங்கி, ராத்திரியெல்லாம் காய்ந்து, சிமெண்ட் போட்டதுபோலக் கெட்டியாகிவிட்டது.

"எடமே கெடைக்கலயா ஒனக்கு?" என்று இவரிடம் திரும்பினேன்.

"மூஞ்சி மாதிரி கீது, நடுவுல ரவுண்டா இருந்துது. நெத்தின்னு நெனச்சேன்" என்றார் இவர், பாவமாக.

போனிலிருந்து சிரிப்பு வந்தது. சரவணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அதைக் கேட்கிறேன். நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஈரத்துணி வெச்சி ஊற வெச்சி எடு. இன்னிக்கு ஆஃப் பண்ணாம வேலைய முடி" என்றான். பிறகு, "லீவு நாள்ல அப்டி இன்னா அவசரம்?"

சமாளித்திருக்கலாம், வாய் வரவில்லை. "பாப்பா காதுகுத்து பேனருடா. நடுவுல ஒன் படம்தான். நீ வரமாட்டியோன்னு பயமா கீது எனக்கு" என்று அப்படியே கொட்டிவிட்டேன்.

அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். இவர் மெல்ல எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"எந்த படம் போடற?" என்றான் ஒரு வழியாக.

"காலேஜ்ல எடுத்தது."

"அது வேணாம். வேற அனுப்பறேன்."

"சரி."

"அக்கா."

"இன்னாடா?"

"அங்க நகைக்கடை எத்தினி மணி வரிக்கும் தொறந்திருக்கும்? பாப்பாக்கு தோடு இன்னும் வாங்கல."

அவன் வராமல் போனால் பிள்ளை மூளிக்காதோடு நிற்கக் கூடாது என்று, போன வாரமே ஒரு ஜோடி வாங்கி பீரோவில் துணிக்கு அடியில் மறைத்து வைத்திருந்தேன். இவருக்குக்கூடத் தெரியாது.

"எட்டு மணி வரிக்கும் இருக்கும்டா. வண்டிய மெதுவா ஓட்டினு வா" என்றேன்.