பன்னிரண்டு சுருதியும் ஒரு பெட்டியும்

ஜகன்னாத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் முப்பது வருஷத்தை ஜாஸ் பியானோவுக்குக் கொடுத்தாயிற்று. பதிலுக்கு ஜாஸ் அவருக்குக் கொடுத்தது முதுகுவலியும், ஸ்ரீரங்கத்துக் கல்யாண வீடுகளில் ‘கீபோர்டு வாசிக்கிறவர்’ என்ற பட்டமும்தான். சென்னை ஓட்டல்களில், ஜனங்கள் சூப் குடித்துக்கொண்டிருக்க, வாசித்திருக்கிறார். உல்லாசக் கப்பலில் வாசித்திருக்கிறார். கடல் கொந்தளித்த நாட்களில் கேட்க ஆளே இருக்காது, எல்லோரும் வாந்தி எடுக்கப் போயிருப்பார்கள். சினிமாப் பாட்டுகளில் அவர் விரல் பட்ட இடங்கள் உண்டு, பெயர் வந்த இடம் ஒன்றுகூடக் கிடையாது.

இத்தனைக்கும் நடுவே பதினோரு வருஷமாக ஒரே ஒரு பெரிய உருப்படியை எழுதிக்கொண்டிருந்தார். வாசித்தால் நாற்பது நிமிஷம் வரும். நம் கச்சேரியில் ஒரு சுருதியைப் பிடித்தால் மங்களம் வரை விடமாட்டோம். இது நேர் எதிர். ஒரு கட்டையில் தொடங்கி, ஒன்றரை, இரண்டு என்று பன்னிரண்டு சுருதியிலும் கொஞ்சம் கொஞ்சம் தங்கி, கடைசியில் ஏழு கட்டையில் போய் நின்றுவிடும். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவே திரும்பாது. அந்தத் திரும்பாமைதான் அதற்கு உயிர் என்று சொல்வார். யாரும் கேட்காததால் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அப்புறம் ஒரு நாள் ஜெர்மனியிலிருந்து ஒரு சின்ன இசைத்தட்டு கம்பெனி கடிதம் போட்டது. ஜனங்கள் முன்னால், ஒரே மூச்சில், வெட்டு ஒட்டு இல்லாமல் வாசித்த பதிவு வேண்டும். மாதக் கடைசிக்குள் வந்தால் வெளியிடுவார்கள். ஜகன்னாத் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தார் என்று கேட்டால் அவருக்கே வெட்கமாக இருக்கும்.

திருச்சியில் நல்ல பியானோ இருப்பது கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூட அரங்கில். அங்கே சங்கீத ஆசிரியர் கிளமென்ட், ஜகன்னாத்தின் பழைய சிநேகிதர், ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் டபுள் பேஸ் வாசிப்பவர். அவர் கெஞ்சிக் கூத்தாடி அரங்கை ஒரு சாயங்காலத்துக்கு வாங்கினார். டிரம்ஸுக்கு ஆசீர், மறுநாள் காலையில் துபாய் விமானம் ஏறுகிறவன். ஆக, கிடைப்பது ஒரே வாய்ப்பு. ஒலிபெருக்கிக்கு லால்குடி இளவரசன். கோயில் திருவிழாவிலும் கட்சி மாநாட்டிலும் கை தேர்ந்தவன். மேடைச் சத்தம் எல்லாம் அவனுடைய மிக்ஸர் வழியாக ஒரே பதிவாகச் சேரும். சேர்ந்தபின் பிரிக்க முடியாது.

அறுபது பேர் வந்தார்கள். ஜகன்னாத் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து தொடங்கினார்.

முதல் நான்கு நிமிஷம் சொர்க்கம். ஒரு கட்டையில் பியானோ அப்படி நிறைந்து ஒலித்தது, அரங்கே கூடச் சேர்ந்து ரீங்கரிப்பதுபோல இருந்தது. ஒன்றரைக் கட்டைக்கு ஏறினார். அப்போதுதான் தெரிந்தது. ரீங்கரித்தது அரங்கு அல்ல. எங்கிருந்தோ ஒரு சுருதிப் பெட்டி, ஒரு கட்டையில், உடும்புப் பிடியாக நின்றுகொண்டிருந்தது. அவர் எங்கே போனாலும் அது நின்ற இடத்தில் நின்று அவரைப் பொய்யாக்கியது.

நிறுத்தினால் எல்லாம் போச்சு. வாசித்தபடியே இளவரசனைப் பார்த்து, அந்தச் சத்தத்தை எடு என்று இடது கையை ஆட்டினார். இளவரசன் மலர்ந்த முகத்தோடு கட்டைவிரலை உயர்த்திவிட்டு, பெட்டியின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அதை இங்கே உடைத்தவன் சந்தோஷமாக உடைத்தான்.

மீதி முப்பத்தைந்து நிமிஷமும் ஜகன்னாத் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். முன்வரிசையில் ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்தார். சுருதி சேராதவன் என்று நினைத்திருப்பார். கடைசியாக ஏழு கட்டை வந்தது. அங்கேதான் நிற்க வேண்டும். ஆனால் காது அதற்குள் களைத்துவிட்டது. விரல்கள் அவரைக் கேட்காமலேயே அரைப்படி மேலே ஏறி, மேல்ஸ்தாயி ஒரு கட்டையில், பெட்டியின் சுருதியில் போய் விழுந்து அடங்கின. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஜகன்னாத்துக்கு அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்தது.

கும்பிடக்கூடச் செய்யாமல் இறங்கி நேரே மிக்ஸரிடம் போனார். பெட்டியை வைத்தது யார் என்று கேட்டார்.

“ஒரு அம்மா குடுத்தாங்க சார். நீங்க எடுத்துட்டு வர மறந்துட்டீங்கன்னு சொன்னாங்க. கேக்கலைன்னு நீங்க கையக் காட்டினீங்க, அதான் ஏத்தி வெச்சேன்.”

பெட்டியை எடுத்துக்கொண்டு, அவன் காட்டிய கடைசி வரிசைக்குப் போனார். அந்த அம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள். ரங்கம்மா, அவருடைய அக்கா. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்று, கே.கே. நகரில் பஜனை கோஷ்டி நடத்துகிறவள். தம்பி முதன்முதலில் தொட்ட கீபோர்டு அவள் முதல் சம்பளத்தில் வாங்கியது. இருந்தும் ஜகன்னாத் ஒரு கச்சேரிக்கும் அவளைக் கூப்பிட்டதில்லை. வந்தால் ராகம் என்ன என்று கேட்பாள், அதற்குப் பதில் சொல்லி மாளாது என்று ஒரு நினைப்பு. இன்றைக்கு அவள் கிளமென்ட்டின் வாட்ஸப் அறிவிப்பைப் பார்த்துத் தானாக வந்திருந்தாள். தம்பி எந்தச் சுருதியில் ஆரம்பிக்கிறான் என்று கிளமென்ட்டையே போனில் கேட்டு, பெட்டியைச் சரியாக ஒரு கட்டையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

“நன்னா சேர்ந்துதாடா?” என்று கேட்டாள். கண் ஈரமாக இருந்தது. “எங்கெங்கயோ அலைஞ்சுட்டு, கடைசியில எவ்வளவு அழகா வந்து சேர்ந்தே.”

வழக்கமாக இந்த இடத்தில் நல்ல பிள்ளைகள் பொய் சொல்வார்கள். ஜகன்னாத்துக்கு அன்றைக்கு அவ்வளவு நல்லவராக இருக்கத் தெம்பில்லை.

“சேரலை அக்கா. இதுல சுருதிப் பெட்டியே கூடாது. கடைசியில வந்து சேரவும் கூடாது. எல்லாம் பாழாப் போச்சு. ஜெர்மனிக்காராளுக்கு அனுப்ப இனிமே ஒண்ணும் இல்லை.”

ரங்கம்மா பெட்டியை வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“கச்சேரின்னா சுருதி வேணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். முப்பது வருஷத்துல ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருந்தா, இதுல அது கூடாதுன்னு நானும் தெரிஞ்சுண்டிருப்பேனேடா.”

ஓட்டல்காரர்களுக்கு, சினிமாக்காரர்களுக்கு, கேட்கத் தெரியாத இந்த ஊருக்கு என்று ஜகன்னாத் முப்பது வருஷமாகச் சேர்த்துவைத்த வசவு எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. அக்காவிடம் சொல்லத் தக்கதாக அதில் ஒன்றுகூட இல்லை. பக்கத்து நாற்காலியை இழுத்து, அவள் அருகில் உட்கார்ந்தார்.