ஏற்காட்டு ஏற்றத்தில் துர்காவின் கேரவன்

முதல் முறை ஏற்காட்டுக்குப் போனபோது துர்காவின் கேரவன் பாதி மலைகூட ஏறவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க என்ஜின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. அடியிலிருந்து கருகிய வாடை வந்தது. மலர்க் கண்காட்சியில் விற்க ஏற்றியிருந்த பூந்தொட்டிகளோடு, கேரவனை ரெக்கவரி வண்டி இழுத்துவர, அவளும் கணவனும் விருத்தாசலத்துக்குத் திரும்பினார்கள்.

துர்கா அங்கே பீங்கான் தொழிற்பேட்டைக்குள் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறாள். பூந்தொட்டி, கோப்பை, ஊறுகாய் ஜாடி. கோப்பைகளுக்குப் பூ வரைவதும் கண்காட்சிகளுக்குத் துணையாக வருவதும் இளமதி. வெளியூர்க் கண்காட்சிகளில்தான் நல்ல விற்பனை. ஆனால் அங்கெல்லாம் கடை போடும் பெண்களுக்குக் குளிக்க இடமிருக்காது; மேசைக்கு அடியில் துணி விரித்துப் படுக்க வேண்டியதுதான். அதனால்தான் ஒரு காலத்தில் சினிமா ஷூட்டிங்குக்கு ஓடிய அந்தப் பழைய கேரவனைச் சென்னையில் தேடிப் பிடித்து வாங்கினாள். இரண்டு கட்டில், சின்ன அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருந்தன. வெளிநாட்டு வண்டி, ஆட்டோமேட்டிக் கியர். அவள் கணவன் அன்புச்செல்வனுக்கு டிராக்டர், வேன் எல்லாம் அத்துப்படி. கிளட்ச் இல்லாத இந்த வண்டி மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. துர்காதான் ஓட்டுவாள்.

"வித்துடலாம். சரக்க லாரில போட்டு அனுப்பிட்டு நாம பஸ்ஸுல போலாம்," என்றான் அன்புச்செல்வன்.

"சரக்கு லாரில போவும். நானும் இளமதியும் எங்க படுக்கறது?" என்றாள் துர்கா. "என்னா கெட்டுப்போச்சுன்னே பாக்காம எதுக்குங்க விக்கணும்?"

வண்டி கொளஞ்சிநாதனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. லாரி, பஸ் வேலையில் அவருக்கு நல்ல பெயர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இதுவரை தொட்டதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் அடியில் படுத்துப் பார்த்தார். கியர்பாக்ஸிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பி முன்னால் இருந்த ரேடியேட்டரின் அடிப்பகுதிக்குப் போயின. சூடான கியர் எண்ணெய் அங்கே போய் ஆறித் திரும்ப வேண்டும். ஒரு குழாயைக் கழற்றி என்ஜினை ஓடவிட்டபோது எண்ணெய் ஒழுகத்தான் செய்தது, ஓடவில்லை.

துர்கா ஒரு வெள்ளைச் சாஸரை நீட்டி அதில் பிடித்தாள். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் காப்பி டிகாஷன் மாதிரி இருந்தது.

"உள்ள அழுக்கு அடைச்சிருக்குதும்மா. எண்ணெய் ஓடுனாத்தான சூடு எறங்கும்?" என்றார் கொளஞ்சிநாதன். "இந்த வண்டில என்ஜின் வேகத்த சக்கரத்துக்குக் கொண்டுபோறதே எண்ணெய்தான். மேட்டுல மெதுவா இழுக்கசொல்ல அது உள்ளயே கிடந்து சுத்தி வெந்துபோயிருக்கு."

"சூடு எவ்வளவுன்னு காட்ட மீட்டரு இருக்குதா?"

"என்ஜினுக்கு இருக்குது. கியருக்கு இல்ல."

"அது தெரியாம எப்படிங்க ஓட்டறது? சூளையில மீட்டரு இல்லாம நான் ஒரு கோப்ப வேக வப்பனா? மொதல்ல ஒரு மீட்டரு மாட்டுங்க."

கியர்பாக்ஸ் புதுச்சேரிக்குப் போய், உள்ளே கருகியிருந்த பிளேட்டுகள் மாற்றப்பட்டு வந்தது. ரேடியேட்டருக்கு முன்னால், நேராகக் காற்றுப் படும் இடத்தில், எண்ணெய்க்கென்றே தனியாக ஒரு கூலரைக் கொளஞ்சிநாதன் பொருத்தினார். புது எண்ணெய் ஊற்றினார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீட்டர் வந்து உட்கார்ந்தது. நூறு டிகிரி வரைக்கும் கவலையில்லை, நூற்றிருபதைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று புதுச்சேரி மெக்கானிக் போனில் சொன்னார்.

ஒரு மாதம் துர்கா அந்த வண்டியைப் பெண்ணாடத்துக்கும் திட்டக்குடிக்கும் ஓட்டிப் பழகினாள். வெறும் வண்டி, சுமை வண்டி, மத்தியான வெயில், கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போவது என்று ஒவ்வொன்றிலும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பும்போது கனமான பூந்தொட்டிகளை முன்கூட்டியே லாரியில் அனுப்பிவிட்டாள். கேரவனில் கோப்பைகள் மட்டும். தண்ணீர்த் தொட்டியைக்கூடப் பாதிதான் நிரப்பினாள்.

"மேல போயி ரொப்பிக்கலாம். தண்ணியையும் எதுக்கு மலைக்குச் சொமக்கணும்?" என்றாள்.

கூட அன்புச்செல்வனும் இளமதியும் வந்தார்கள். சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் வரை முள் எண்பதைத் தாண்டவில்லை. அடிவாரத்தில் டீ குடித்தார்கள். என்ஜினை ஓடவிட்டு எண்ணெய் அளவைப் பார்த்த துர்கா முகம் கழுவப் போனாள். அந்த நேரத்தில் அன்புச்செல்வன், கடையின் பெயரும் பெரிய பூந்தொட்டிப் படமும் அச்சடித்த பேனர் ஒன்றை எடுத்து வண்டியின் முகப்பில் இழுத்துக் கட்டினான். மலைக்கு வரும் எல்லோரும் பார்க்கட்டும் என்பது அவன் ஆசை. துர்கா பின்பக்கமாக வந்து ஏறிக்கொண்டாள்.

ஏற்றம் தொடங்கியதும் அவள் லீவரை இரண்டாவது கியருக்கு இறக்கினாள். தானாக மாறட்டும் என்று விட்டால், மேலும் கீழும் மாறிமாறித் திணறி எண்ணெய் இன்னும் சூடேறும். முன்னால் கார்கள் வரிசையாக ஊர்ந்தன. அவள் ஒட்டிக்கொண்டு ஊராமல், இடைவெளி விட்டு நின்று, வழி கிடைத்ததும் ஒரே மூச்சில் ஏறினாள்.

அப்படியும் முள் ஏறியது. நூறு. நூற்றைந்து. போன வருடம் வண்டி நின்ற வளைவைத் தாண்டும்போது நூற்றுப் பத்து.

"அக்கா, ஏறுது," என்றாள் இளமதி. அவள் கண் மீட்டரை விட்டு நகரவில்லை.

"பாக்கறேன்."

துர்கா அடுத்த வளைவில் சாலையோரம் அகலமாக இருந்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினாள்.

"ஆஃப் பண்ணு துர்கா! போன தடவ மாதிரி ஆயிடப்போவுது," என்றான் அன்புச்செல்வன்.

"ஆஃப் பண்ணக்கூடாதுங்க. என்ஜின் ஓடுனாத்தான் எண்ணெய் கூலருக்குப் போயி வரும். நிறுத்துனா சூடு உள்ளயே நின்னுடும். நீங்க எறங்கி சக்கரத்துக்குக் கல்லு வைங்க."

ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தாள். முள் கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. திட்டக்குடி வெயிலிலேயே இப்படி நின்றால் சட்டென்று எண்பதுக்கு வந்துவிடும். மலைக்காற்றில் ஏன் இறங்கவில்லை? எண்ணெய் சரி, அளவு சரி. அப்படியானால் காற்று.

இளமதியை மிதிக்கச் சொல்லிவிட்டு இறங்கி முன்னால் போனாள். கூலரையும் ரேடியேட்டரையும் மூடி, காற்றுப் புக ஓட்டையில்லாமல், பேனர் விறைப்பாக நின்றது.

அன்புச்செல்வன் கையில் கல்லோடு வந்து நின்றான். பேனரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நான்தான் கட்டுனேன்," என்றான் மெதுவாக.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பும் வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்குது. அவுத்து வண்டிக்குப் பின்னால கட்டுங்க. பின்னால வரவங்கதான் ரொம்ப நேரம் பாப்பாங்க."

அவன் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தபோதே உள்ளேயிருந்து இளமதி கத்தினாள்: "அக்கா, எறங்குது! எறங்குது!"

மிச்ச மலையையும் இரண்டாவது கியரிலேயே ஏறினார்கள். முள் தொண்ணூற்றைந்தில் நின்றது, அதற்கு மேல் போகவில்லை. கடைசி வளைவு தாண்டி ஏரி தெரிந்தபோது அன்புச்செல்வன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, யாரென்று தெரியாத ஒரு குடும்பத்துக்குக் கையாட்டினான்.

கண்காட்சி முடியும்வரை கேரவன் கடைக்குப் பின்னாலேயே நின்றது. காலையில் பக்கத்துக் கடைப் பெண்களும் குளிக்க வந்தார்கள். அன்புச்செல்வன் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினான். பூந்தொட்டிகள் எல்லாம் விற்றுப்போயின. இளமதி பூ வரைந்த கோப்பைகளில் நான்கைந்துதான் மிச்சம்.

திரும்பி இறங்கும்போதும் துர்கா தாழ்ந்த கியரில்தான் விட்டாள். வண்டியை என்ஜினே பிடித்துக்கொண்டதால் பிரேக்குக்கு அதிக வேலையில்லை. ஆத்தூர் தாண்டியபோது கண்காட்சி நடத்துபவரிடமிருந்து போன் வந்தது. அன்புச்செல்வன் ஸ்பீக்கரில் போட்டான். ஊட்டியில் அடுத்த கண்காட்சி, கடை வேண்டுமா என்று கேட்டார்.

அன்புச்செல்வன் மனைவியைப் பார்த்தான். "ஊட்டி இதவிட ஏத்தமாச்சே."

"வரோம் சார்," என்றாள் துர்கா போனைப் பார்த்து. பிறகு அவனிடம், "போறதுக்கு முன்ன எண்ணெய சாஸருல ஊத்திப் பாக்கணும். நெறம் மாறியிருந்தா கொளஞ்சிநாதன் அண்ணன்ட்ட சொல்லி மாத்திடலாம்," என்றாள்.