பின் இருக்கையில் தூங்குகிறவர்

“பின்னாடி தூங்கறாரே, அவரோட அட்டை எங்கே?”

சோதனைக் கூண்டிலிருந்த இளம் அதிகாரி கேட்டபோது நெரெய்தாவுக்கு முதலில் புரியவில்லை. அவள் தனியாகத்தான் வந்திருந்தாள். திஹுவானாவிலிருந்து நாட்டு எல்லையைத் தாண்டிச் சான் டியாகோ பக்கம் போகும் விரைவு வரிசை அது. வண்டி கூண்டை நெருங்கும்போதே இயந்திரம் அட்டைகளைப் படித்து, உள்ளே இருப்பவர்களின் முகங்களை அதிகாரியின் திரையில் காட்டிவிடும். திரையில் ஒரு முகம், வண்டியில் இரண்டு பேர். அதுதான் அவருடைய சிக்கல்.

“யாரும் இல்லீங்களே, சார்.”

அவர் குனிந்து பின் கண்ணாடியில் விளக்கை அடித்தார். அடித்தவர் அப்படியே நின்றார். “தொப்பிய முகத்துல கவுத்துக்கிட்டு ஒருத்தர்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு கண்ணைக் கசக்கினார். “மன்னிச்சுக்குங்க மேடம். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. போங்க.”

நெடுஞ்சாலையில் ஏறும்வரை நெரெய்தா தலைக்குமேல் இருந்த கண்ணாடியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தொப்பி என்று சொல்லிவிட்டாரே, அதற்குமேல் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது?

அவள் கணவன் எலீஹியோ செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

இருவருக்கும் வேலை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். அவள் சூலா விஸ்டாவில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். அவன் துறைமுகத்தில் படகுகளின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டிப் பெயர்த்துச் சாயம் பூசுகிறவன். விரைவு வரிசை அட்டைக்கு ஒன்றாகத்தான் விண்ணப்பித்தார்கள். அவளுக்குக் கிடைத்தது. அவனுக்கு இல்லை. கலியாணத்துக்கு முன்னால் எப்போதோ முதலாளிக்கென்று, எல்லை தாண்டக் கூடாத கொய்யாப்பழம் ஒரு பை எடுத்துப்போய், சோதனையில் கேட்டபோது சொல்லாமல் விட்டு, அபராதம் கட்டியிருந்தான். அது இன்னும் அவன் பேரில் இருந்தது. மறுபடியும் விண்ணப்பித்தான், மறுபடியும் இல்லை என்றார்கள். “ஒரு பை கொய்யாவுக்கு ஆயுள் தண்டனை” என்று படகுத் துறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அவளுடைய வண்டியிலேயே அவன் ஏறிப் போகவும் வழியில்லை. அந்த வரிசையில் போகிற ஒவ்வொருவரிடமும் அட்டை இருக்க வேண்டும். ஒருவரிடம் இல்லையென்றாலும் ஓட்டுகிறவரின் அட்டையும் பறிபோகும். ஆகவே இருட்டோடு அவன் தன் பழைய டிரக்கில் கிளம்பிப் பொது வரிசையில் போய் நிற்பான். அவள் எழுந்து குளித்து, முட்டை பொரித்துத் தின்று, முடி உலர்த்திக்கொண்டு மெதுவாகக் கிளம்புவாள். பெரும்பாலான நாட்களில் கூண்டுகளுக்குக் கொஞ்சம் முன்னால் இருவர் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். நடுவில் இடுப்புயரக் கான்கிரீட் சுவர். அவன் கண்ணாடியை இறக்கி, “என்ன கிழவி, ராணி மாதிரி போற! அந்தப் பக்கம் போய் எனக்கும் சேத்து வாழ்ந்துடு” என்பான். “நீ வந்து சேர்றதுக்குள்ள நான் பேரன் பேத்தி எடுத்துடுவேன், கிழவா” என்று அவள் ஹாரனை அடித்துவிட்டுப் போவாள்.

அன்றைக்கும் ஹாரனை அடித்தாள். அவன் ஸ்டியரிங்மேல் தலை சாய்த்திருந்தான், தொப்பி முகத்தை மறைத்திருந்தது. தூங்குகிறான் என்று நினைத்தாள். அவளுக்குப் பின்னால் வண்டிகள் நெருக்கின. போய்விட்டாள். அவனுக்கு முன்னால் வரிசை நகர்ந்தும் டிரக் நகராமல், பின்னாலிருந்தவர்கள் கூச்சலிட்டு, ஒருவன் இறங்கி வந்து திட்டுவதற்காகக் கதவைத் திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாரடைப்பு. அவளுக்குத் தகவல் வந்தபோது அவள் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லுக்குக் கீழே உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த இளம் அதிகாரி கேட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. களைத்த கண்ணுக்கு என்னென்னவோ தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மறுவாரம் வேறொரு கூண்டில், நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்த ஒரு பெண் அதிகாரியும் அதையே கேட்டாள்.

“அவர் அட்டைய எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. எழுப்புங்க.”

“நான் தனியாத்தான் வரேன்.”

“என்கிட்ட விளையாடாதீங்க, சென்யோரா.”

வண்டியைத் தனியாக ஒதுக்கச் சொன்னார்கள். நாயைக் கொண்டுவந்தார்கள். பின் கதவைத் திறந்ததும் நாய் உள்ளே மூக்கை நீட்டியது, குரைக்கவில்லை. இருக்கைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு ஆளின் மடியில் வைப்பதுபோலத் தாடையை இருக்கையின் விளிம்பில் வைத்துக்கொண்டது. அதைப் பிடித்து வந்தவர் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார். கடைசியில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

நரைத்த மீசை வைத்த மேலதிகாரி வந்து காலி இருக்கையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “எங்க ஆளு ஒருத்தர் தப்பாப் பாத்தா பரவாயில்ல. ரெண்டு பேர் பாத்துட்டாங்க. நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியல, மேடம். அட்டை இல்லாத ஆளோட இந்த வரிசையில வராதீங்க. அட்டை போயிடும்.”

“அவருக்கு அட்டை குடுக்க மாட்டேன்னுட்டாங்க” என்றாள் நெரெய்தா. வாய் தவறி வந்துவிட்டது.

“அப்போ அவருக்கான வரிசையில கூட்டிட்டு வாங்க” என்றார் மேலதிகாரி மெல்ல. சொன்ன பிறகு, தான் சொன்னதைத் தானே நம்பாதவர்போல அறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் பனிமூட்டமான விடியலில் நெரெய்தா பொது வரிசையின் வாலில் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே நின்றதே இல்லை. வானொலியில் ஒரு பெண் அன்றைய காத்திருப்பு நேரத்தைச் சாவுச் செய்தி வாசிப்பதுபோல வாசித்தாள். வண்டிகள் ஒரு முழம் நகர்ந்தன, நின்றன. போர்வை விற்பவர்களும் எண்ணெயில் பொரித்த சூரோ விற்பவர்களும் மண் உண்டியல் பொம்மைகளைத் தோளில் அடுக்கியவர்களும் நடுவே நடந்தார்கள். எஞ்சினை அணைத்ததும் பின்னாலிருந்து மூச்சுவிடும் சத்தம் கேட்டது. மூக்கடைத்தவன் விடும் மூச்சு. இருபது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம். அவள் திரும்பவில்லை. பயமா என்றால், பயம்தான். ஆனால் நின்றுவிடுமோ என்ற பயமும் அதில் இருந்தது.

பாதி வழியில் பரீட்டோ ரொட்டிச் சுருள் விற்கும் சக்காரியாஸ் தள்ளுவண்டியோடு வந்து ஜன்னலைத் தட்டினான். எலீஹியோ தினமும் வரிசையில் பேச்சுக் கொடுக்கும் ஆள். சாவுக்கு வந்திருந்தான்.

“சென்யோரா! நீங்களா? உங்க வரிசை அங்கதானே? அட்டைய நாய் தின்னுடுச்சா?”

“இல்ல, சக்காரியாஸ். இன்னைக்கு இப்படி.”

பழக்கத்தில் அவன் இரண்டு பொட்டலம் எடுத்து நீட்டினான். அவன் கண் பின்பக்கம் போய் உடனே திரும்பிவிட்டது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். வரிசையிலேயே காலம் தள்ளுகிறவன், அவன் பார்க்காததா?

“உன்ன ஒண்ணு கேக்கணும்” என்றாள் நெரெய்தா. “அன்னைக்கு நீ பக்கத்துல இருந்தியா? நான் ஹாரன் அடிச்சப்போ… அவர் அப்பவே போயிட்டாரா?”

சக்காரியாஸ் அவளுக்கு ஆறுதல் கிடைக்கட்டும் என்று நினைத்துத்தான் சொன்னான். “இல்ல சென்யோரா, இல்ல! உங்க சத்தம் அவருக்குக் கேட்டுச்சு. நான் அந்த நீல வேனுக்குப் பக்கத்துல இருந்தேன். ஹாரன் கேட்டதும் கைய இப்படித் தூக்கினாரு. பாதி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். முன்னால் இடம் விட்டிருந்தது. அவள் வண்டியை நகர்த்தினாள், நகர்த்தி நின்றாள். மடியில் பொட்டலங்கள் சுட்டன. பிறகுதான் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு அல்ல, வரிசையில் இருந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும்படியாக.

“கைய எதுக்குத் தூக்கின, கிழவா?” என்று கேட்டாள் அழுகை நின்றதும். “டாட்டா காட்டவா? நில்லுன்னு சொல்லவா? சொல்லித் தொலையேன்.”

மூச்சு மட்டும் வந்தது. அவள் பேசிக்கொண்டே போனாள். டிரக்கை விற்றதை, அவனுடைய தங்கை சாவு வீட்டில் சண்டை போட்டதை, கட்டிலின் அவன் பக்கத்தில் துவைத்த துணியைக் குவித்து வைத்திருப்பதை. வெயில் ஏறிப் பனி விலகியது. பல் மருத்துவமனையிலிருந்து போனில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அவள் எடுக்கவில்லை.

கூண்டில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு வயதான அதிகாரி இருந்தார். “எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்.”

தன் காகிதத்தோடு, திருப்பித் தர வேண்டியிருந்தும் தராமல் பெட்டியில் வைத்திருந்த அவனுடைய வசிப்பு அனுமதி அட்டையையும் நீட்டினாள். அவர் புகைப்படத்தைப் பார்த்தார், குனிந்து பின் இருக்கையைப் பார்த்தார். இயந்திரம் என்ன சொன்னதோ, அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“பழம் காய் ஏதாவது?”

“ஒண்ணுமில்ல.”

“அவர எழுப்புங்க. முகம் பாக்கணும்.”

நெரெய்தா இருக்கையில் முழுதாகத் திரும்பினாள். தொப்பியும், சாயம் உலர்ந்த விரல்களும், ஒருக்களித்துச் சாய்ந்த தோளும் அங்கே இருந்தன. கையை நீட்டி முழங்காலைத் தொட்டாள். படகுத் துறைக் காற்றுபோல ஈரமாகக் குளிர்ந்தது.

“எலீஹியோ. எழுந்திரு. வந்துட்டோம்.”

தொப்பி விலகியதா, அவன் கண்ணைத் திறந்தானா என்பதை அவள் பிற்பாடு ஒருபோதும் யாரிடமும் சொன்னதில்லை. அதிகாரி மட்டும் தலையசைத்தார். “சரி. நல்லபடியாப் போய்ட்டு வாங்க” என்றார், இருவருக்கும் சொல்வதுபோல.

அவள் வேலைக்குப் போகும் சாலையில் திரும்பவில்லை. நேரே துறைமுகத்துக்குப் போய், படகுகள் முட்டுக்கொடுத்து நிற்கும் முற்றத்தின் வாசலில் நிறுத்தி, இறங்கிப் பின் கதவைத் திறந்துவிட்டாள். சுரண்டும் சத்தம் உள்ளே கேட்டது. சற்று நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஒரு பரீட்டோ பொட்டலத்தை வாசல் திட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். வண்டியில் ஏறியபோது பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை.

மருத்துவர் கத்தினார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு கொஞ்ச நாள் பொது வரிசையிலேயே போய்ப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை. வேலை போய்விடும் என்ற நிலை வந்ததும் விரைவு வரிசைக்குத் திரும்பினாள். திரையில் ஒரு முகம், வண்டியில் ஒரு ஆள், கையசைத்து அனுப்பிவிடுகிறார்கள். இப்போதெல்லாம் மருத்துவமனை திறப்பதற்கு வெகு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறாள். பூட்டிய கதவுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின் இருக்கைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.