நாற்பத்தொன்றாம் பக்கம்

மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் ஆங்கில வினைச்சொற்களை இரண்டிரண்டாக அடுக்கி, தமிழில் பொருள் எழுதி என் அப்பா வெளியிட்ட கையேடு பதினெட்டுப் பதிப்புகள் கண்டது. அட்டையில் அவர் பெயர் மட்டுமே இருக்கும். அவர் எழுத்தில் யாரும் கை வைக்க நான் விட்டதில்லை.

அச்சுப்படி திருத்துவதற்கு அவர் ஏற்படுத்திய முறை ஒன்று உண்டு. ஒருவர் உரக்க வாசிப்பார். எதிரே இருப்பவர் வரி சரியென்றால் ‘ம்’ என்பார். தவறென்றால் பென்சிலால் மேசையை இருமுறை தட்டுவார்.

அப்பாவுக்குப் பிறகு எதிரே உட்கார்ந்தவன் என் தம்பி. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ‘ரைஸ்’ என்றால் எழுப்பு, ‘ரெய்ஸ்’ என்றால் எழு என்று பொருள் இடம்மாறிக் கிடந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் அங்கே தட்டு விழும்.

“அப்பா மாத்தி எழுதிட்டா இங்கிலீஷ்தான் திருந்திக்கணுமாண்ணா?”

“அவருக்கே தெரியலன்னு நாலு பேர் சிரிக்கணுமா? தட்டாம உக்காரு.”

“எல்லாத் தட்டும் என்னுது இல்லண்ணா,” என்று ஒருமுறை சிரித்தான். வீம்பு என்று விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு தம்பி இறந்தான். புதிய பதிப்புக்கு அவன் மகள் வந்து உட்கார்ந்தாள். பகல் பதினொரு மணி, மேசைமேல் வெயில். நாற்பது பக்கங்கள் ‘ம்’, ‘ம்’ என்றே போயின. அந்த வரியை வாசித்தேன்.

டொக், டொக்.

“உங்கப்பன் சொல்லிக் குடுத்துட்டுப் போனானா?”

“நான் தட்டல பெரியப்பா. பென்சில் உங்க காதுல இருக்கு.”

தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

மறுபடி வாசித்தேன். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். மறுபடி தட்டு. என் முழங்கைக்கு அடியில் பலகை அதிர்ந்தது.

“திருத்திடுங்க பெரியப்பா. இல்லன்னா எங்கப்பா இங்கேயேதான் உக்காந்திருப்பாரு.”

எங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு வரிக்காக அலைவது குடும்பத்துக்கு அழகல்ல. பென்சிலை எடுத்து இரண்டு பொருள்களையும் இடம் மாற்றினேன். உரக்க வாசித்தேன்.

“ம்.”

தொண்டையைச் செருமிக்கொண்டு வந்த, கனத்த ‘ம்’.

“அப்பாவுக்கு இப்பதான் நிம்மதி,” என்று அவள் கண்ணைத் துடைத்தாள்.

அவள் பிறக்கும் முன்பே போய்ச்சேர்ந்தவரின் குரல் அவளுக்கு எப்படித் தெரியும்? செருமிவிட்டு ‘ம்’ சொன்னவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான். அட்டையில் பெயர் இருப்பவர். நான் தம்பியை அதட்டிய நாட்களில் எத்தனை நாள் அவன் கை சும்மா இருந்ததோ.

அடுத்த வரிக்காக அவர் எதிரே காத்திருப்பது தெரிந்தது. வாசித்தேன்.