கால் பங்கு உலுக்கல்

இதற்காகத்தானா என்னை அழைத்து வந்தார்? இதற்காகவா காலையில் நல்ல சல்வாரைத் தேடி எடுத்து, இஸ்திரி போட்டு, உம்மாவிடம் வேறு பெருமையடித்துக்கொண்டு கிளம்பினேன்?

தொழிற்பட்டறைகள் நிறைந்த கசார்வாடியில் யூசுஃபின் பட்டறைக்குள், கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறையில் உட்கார்ந்திருந்தாள் புஷ்ரா. பக்கத்தில் அவளுடைய முதலாளி ஸ்ரீநிவாசன். எதிரே யூசுஃப், போனில் யாரிடமோ மராத்தியில் கத்திக்கொண்டிருந்தார். குடிக்க வந்த சாயை அவள் தொடவில்லை.

நகரின் கேம்ப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ஸ்ரீநிவாசனின் பொறியியல் ஆலோசனை அலுவலகம். தொழிற்சாலை கட்டுகிறவர்களும் இருப்பதைப் பெரிதாக்குகிறவர்களும் அங்கே வருவார்கள். தூண் தாங்குமா, உத்தரம் வளையுமா என்று கணக்குப் போட்டுச் சொல்வது அங்கே வேலை. கணக்கு புஷ்ராவுடையது, வாய் ஸ்ரீநிவாசனுடையது. வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும்போது அவளுக்குப் பின்னால் சேர்ந்த மாதவை அழைத்துப்போவார். அவளை அனுப்புவது வியாழக்கிழமைகளில் மட்டும்தான். இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கு வியாழன்தான் வார விடுமுறை. பேச ஆள் இருக்காது, அளந்துகொண்டு வந்தால் போதும்.

இந்தப் பட்டறையையும் அப்படியொரு வியாழக்கிழமைதான் அளந்தாள். ஏணியில் ஏறினாள். தரையில் முழங்காலிட்டுத் தூண்களின் அடியைச் சுரண்டிப் பார்த்தாள். கிழக்கு வரிசையில் இரண்டு தூண்களின் அடித்தகடு, இயந்திரங்களைக் கழுவிவிடும் தண்ணீர் வருஷக்கணக்காகத் தேங்கியதில் துருவேறி, அப்பளம் போல உதிர்ந்தது. அந்தத் தூண்களின் மேல்தான் யூசுஃப் பெரிய கிரேன் ஒன்றை ஏற்றப் பார்க்கிறார். வாங்கியும் விட்டார். வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது.

"நாளைக்கு மீட்டிங்குக்கு நீயும் வா" என்று ஸ்ரீநிவாசன் ஆங்கிலத்தில் சொன்னபோது, கடைசியில் கண் திறந்துவிட்டது மனுஷனுக்கு என்றுதான் நினைத்தாள்.

காரில் வரும்போதுதான் விஷயம் தெரிந்தது. அலுவலகத்தில் அவளிடம் ஆங்கிலம் தவிர வேறு பேசாதவர், சிக்னலில் வண்டி நின்றதும் தமிழுக்கு மாறினார்.

"யூசுஃப் பாய் உங்க ஆளுதானே?"

"எங்க ஆளுன்னா சார்?"

"இல்ல, உங்க ஊர்ப்பக்கம்தானேன்னு கேட்டேன். உங்கப்பாவைத் தெரியும்னார். பாரு, நான் அந்த கால் பங்கை எடுத்துட்டேன். கணக்கு கரெக்டா உக்காந்துடுத்து."

கிரேன் ஒரு சுமையைத் தூக்கும்போது உலுக்கும். எடை மட்டுமல்ல, அந்த உலுக்கலும் தூணில் இறங்கும். அதற்காக எடையில் கால் பங்கைக் கூடுதலாகச் சேர்த்துத்தான் யாரும் கணக்குப் போடுவார்கள். சேர்த்தால் அந்த இரண்டு தூண்கள் தாங்காது; பட்டறையை இரண்டு மாதம் மூடிவிட்டுப் பலப்படுத்த வேண்டும். சேர்க்காவிட்டால் தாங்கிவிடும், காகிதத்தில்.

"உலுக்காம எப்படி சார் தூக்குவாங்க?"

"மெதுவா ஓட்டணும்னு ஒரு வரி போட்டிருக்கேன். அப்புறம் அது அவா பொறுப்பு. ரெண்டு மாசம் மூடுன்னு சொன்னா வேற கன்சல்டன்ட்கிட்டப் போயிடுவார். ஏற்கெனவே ஒருத்தன் பலப்படுத்தவே வேண்டாம்னு சொல்லியிருக்கான். நான் சொன்னா வியாபாரம் பேசறேன்னு நினைப்பார். நீ சொன்னா வீட்டு வார்த்தை. 'ஒண்ணும் ஆகாது'ன்னு உங்க பாஷைல ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்."

சிக்னல் விழுந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் பாட்டுப் போட்டார்.

இப்போது இந்த அறையில் உட்கார்ந்து, எதற்கு இந்தக் கோபம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அவர் பொய் சொல்வது புதிதா? ஆங்கிலத்தில் அழகழகாகச் சொல்வார், கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். இன்று தன்னைச் சொல்லச் சொன்னதால்தான் சுடுகிறதோ? இத்தனை வருஷம் வாயை வீட்டில் வைத்துவிட்டு வா என்றார். இன்று கணக்கை வீட்டில் வைத்துவிட்டு வாயை மட்டும் கொண்டுவா என்கிறார். அந்த அவமானம்தானா இது, அல்லது உண்மையிலேயே தூணுக்காகவா? இரண்டும்தான் என்று ஒப்புக்கொண்டாள். அப்படி ஒப்புக்கொண்ட பிறகும் கோபம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

கண்ணாடிக்கு அப்பால், இப்போதிருக்கும் சின்ன கிரேன் ஒரு இரும்பு வார்ப்பைத் தூக்கியது. ஓட்டுபவன் பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினான். சங்கிலி விறைத்து, சுமை ஒரு துள்ளு துள்ளி ஆடியது. மேலிருந்து தூசி கொட்டியது. கீழே, அந்தக் கிழக்குத் தூணை ஒட்டி மேசை போட்டு உருப்படிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். தூணில் துருத்தியிருந்த திருகாணியில் அவளுடைய கைப்பை தொங்கியது. அதுவும் ஆடியது.

யூசுஃப் போனை வைத்தார்.

"யாம்மா, நீ கேம்ப்புல குடைக்கடை வச்சிருந்தாகளே, அவுக மகதானே?"

"ஆமா காக்கா" என்றாள், ஊரில் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில்.

"அதானே பாத்தேன், மூக்கு அப்படியே வாப்பா மூக்கு! உன் முதலாளி சாப் ஒரு கத்தை காயிதம் எழுதித் தந்திருக்காரு. பூரா இங்கிலீஷு. எஞ்சினியருமாரே பயந்தாங்கொள்ளிக, ஒரு ஆணி அடிக்கச் சொன்னாலும் ஆறு மாசம் யோசிப்பாக." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "பட்டறைய மூடுனா நான் நடுத்தெருவுலதான் புள்ள. அது ஒரு பக்கம். இங்க வேலை பாக்குறவுக என்னைய நம்பி நிக்குறாக, அது இன்னொரு பக்கம். நீ நம்ம புள்ள. நீ சொல்லு, ஏத்திரலாமா? ஒண்ணும் ஆவாதுல்ல?"

"அதுக்குத்தான் பாய் எங்க எஞ்சினியரையே கூட்டிண்டு வந்துட்டேன்" என்றார் ஸ்ரீநிவாசன்.

எங்க எஞ்சினியர். இந்தச் சொல்லைக் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். கிடைத்த நாளைப் பார்.

யூசுஃப் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று கேட்டுவிடத் துடிக்கிற முகம். ஆமாம் என்றால் அப்படியே நம்பிவிடுகிற முகம். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஜஸ்ட் ஒன் லைன், புஷ்ரா" என்றார் ஸ்ரீநிவாசன், உதடு அசையாமல்.

வெளியே சங்கிலி மறுபடி விறைத்தது. சாய்க் கோப்பையில் ஆடை நடுங்கி அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"அந்த வார்த்தைய மட்டும் நான் சொல்ல மாட்டேன், காக்கா" என்றாள்.