அவர் கை நனைத்தாரா

சுசீலா பெட்டி கட்டும் முறையே தனி. ஊரார் துணியை அடுக்கிவிட்டு மிஞ்சிய இடத்தில் புத்தகத்தைச் செருகுவார்கள். இவள் புத்தகங்களை அடியில் பரப்பிவிட்டு, இடம் இருந்தால் துணியும் வைக்கலாமே என்று யோசிப்பாள். சிங்கப்பூரில் ஈசூன் வீட்டுப் படுக்கையறையில் சில நாட்களாக வாயைப் பிளந்து கிடந்த பெட்டியில் ஏழு புத்தகங்கள் ஏறியாகிவிட்டது. போகப்போவது நான்கு நாள் கப்பல் பயணம். கணவர் அண்ணாதுரைக்கு ஒதுக்கிய மூலையில் இரண்டு சட்டை கொள்ளும், மூன்றாவதை வைத்தால் ஜிப் சண்டைக்கு வரும்.

பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பல். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காக மகள் பவித்ரா எடுத்துக் கொடுத்த டிக்கெட். "அப்பா, கப்பல்ல வைஃபைக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ் பண்றாங்க. நான் எடுக்கல. நீங்களும் அம்மாவும் நல்லா பேசிக்கிட்டு இருங்க லா" என்று ஆங் மோ கியோவிலிருந்து போனில் சொன்னாள்.

பேசிக்கிட்டு இருங்க. சொல்வதற்கென்ன, சுலபம்தான். அண்ணாதுரை காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். காலை ஷிப்ட் என்றால் அவர் கிளம்பும்போது சுசீலா தூங்கிக்கொண்டிருப்பாள். மாலை ஷிப்ட் என்றால் அவர் வரும்போது தூங்கியிருப்பாள். நடுவில் கிடைத்த நேரத்தில் பேசியதெல்லாம் மீன் வாங்கியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா என்பதுதான். ஓய்வு பெற்று உட்கார்ந்து பார்த்தால் வீட்டில் நேரம் கொட்டிக் கிடந்தது, பேச்சுத்தான் இல்லை. சுசீலாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. சோபா ஓரத்தில் காலை மடக்கிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தால் போதும், தானாகச் சிரிப்பாள், தானாக உச்சுக் கொட்டுவாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது நினைவில் இருக்காது.

அண்ணாதுரைக்குத் தமிழ் வாசிக்க வராது. பேச வரும், திட்ட அதைவிட நன்றாக வரும். படித்தது ஆங்கிலப் பள்ளி. அங்கே தமிழுக்கு வாத்தியார் இல்லாததால் இரண்டாம் மொழியாக மலாய் படித்தவர். சுசீலா மலேசியாவின் ஜொகூரில் குளுவாங் பக்கம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். கல்யாணமான புதிதில் அவருக்கு எழுத்துச் சொல்லித்தர உட்கார்ந்தாள். மாணவர் வாத்தியாரம்மாவின் வளையலையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாடம் உயிரெழுத்தைத் தாண்டவில்லை. ஆகவே மனைவியின் புத்தகங்களை அவர் அட்டையின் நிறத்தை வைத்துத்தான் அறிவார்.

வினை வந்தது ஊதா அட்டை போட்ட புத்தகத்தால். ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்துக்கொண்டிருந்த சுசீலா சட்டென்று நிறுத்தினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன சுசீ, யாரு செத்தா?"

"யாரும் சாகல."

"அப்புறம் எதுக்கு அழுவுற?"

"சொன்னா நல்லாருக்காதுங்க. படிச்சாத்தான் தெரியும்." தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிப் பக்கத்தில் செருகி, புத்தகத்தை மூடினாள். "மிச்சத்தக் கடல்ல வச்சுப் படிச்சுக்கிறேன். இங்கயே முடிச்சிட்டா அங்க என்ன பண்றது?" என்று பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அண்ணாதுரைக்குச் சுருக்கென்றது. அங்க என்ன பண்றதாமே. புருஷன் என்று ஒருத்தன் கூட வருவது கணக்கிலேயே இல்லை. சுற்றிலும் தண்ணீர், இவள் அந்த ஊதா அட்டைக்குள் இருக்கிற ஆட்களோடு குடித்தனம் நடத்துவாள், இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலையை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பொறாமை என்றால் பொறாமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதையும் மீறி ஓர் அரிப்பு. அந்தப் பக்கத்தில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது?

மறுநாள் சுசீலா சந்தைக்குப் போனதும் புத்தகத்தை எடுத்து, ஹேர்பின் இருந்த பக்கத்துக்கு மேல் போன் கேமராவைப் பிடித்தார். இப்போதுதான் எந்த மொழியையும் ஆங்கிலமாக்க வசதி வந்துவிட்டதே. யாரோ ஒரு பெரியவர் கையை நனைக்காமல் கல்யாணத்திலிருந்து போய்விட்டார் என்றது போன். யாரோ ஒரு பெண்ணுக்கு வயிற்றில் தீப்பிடித்தது என்றும் சொன்னது. வயிற்றெரிச்சல் என்று அண்ணாதுரைக்குப் புரிந்தது. கை நனைப்பதுதான் புரியவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லையா? அதற்கா சுசீலா அழுதாள்?

புத்தகத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறினார். லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ரவூப் பாயின் பயணப்பைக் கடை. நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக அந்தத் தேக்கா வட்டாரத்தில்தான் வியாபாரம். பத்திரிகையில் மரண அறிவித்தல்வரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர். புத்தகத்துக்கே ஒரு தனிப் பை வாங்கலாம் என்று அண்ணாதுரை சுசீலாவிடம் போனில் சொல்லிவிட்டு வந்ததும் பொய்யில்லை.

"பாய், ஒரே ஒரு பக்கம் படிச்சுச் சொல்லுங்க. இந்த ஹேர்பின் இருக்குல்ல, அந்தப் பக்கம்."

"உன் சம்சாரத்தக் கேட்டா ஆச்சு."

"அவ சொல்ல மாட்டேங்கிறா. அதுக்குத்தானே இவ்ளோ தூரம் வந்தேன்."

ரவூப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். வேதவல்லி என்று ஒருத்தி. அவள் மகள் கல்யாணம். பிறந்த வீட்டு அண்ணன் சதாசிவம் வருகிறார். மணமக்கள் தலையில் அட்சதை போடுகிறார். பந்தியில் அவருக்கென்று இலை போட்டிருக்கிறது. தங்கை கையைப் பிடித்துக்கூட அழைத்துப் பார்க்கிறாள். மனிதர் கை நனைக்காமல் படியிறங்கிப் போய்விடுகிறார்.

"அட" என்றார் ரவூப்.

"அதென்ன பாய், கை நனைக்கிறது?"

"சாப்பிடாமப் போயிட்டார்னு அர்த்தம், தொரை. உறவு அத்துப்போச்சுன்னா அந்த வீட்டுல கை நனைக்க மாட்டாங்க. எங்கள்லயும் உண்டு. எங்க மாமி வீட்டுல வாப்பா கடைசி வரைக்கும் கை நனைக்கல." சொல்லிவிட்டு ரவூப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"ஒரு பக்கம்தான் கேட்டேன் பாய்."

"இரு தொரை."

அண்ணாதுரை ஒரு கோப்பி குடித்தார். இன்னொன்றும் குடித்தார். ஊருக்குப் போகிற தொழிலாளி ஒருவர் பெரிய பையைத் தூக்கிக் காட்டி விலை கேட்டார். பாய் தலை நிமிராமல், "அதுலயே போட்டிருக்கு, பாருங்க தம்பி" என்றார். கடை திறந்த நாளிலிருந்து ரவூப் வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

"தொரை, இத வச்சிட்டுப் போ. புதன்கிழமை வந்து வாங்கிக்க."

வியாழக்கிழமை கப்பல். புதனன்று கிடைத்தால் சுசீலாவுக்குத் தெரியாமல் திரும்பவும் வைத்துவிடலாம். அண்ணாதுரை ஒப்புக்கொண்டு ஒரு பையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார். செவ்வாய் பூராவும் ரவூப் போனில் கூப்பிட்டுக் கதை சொன்னார். அண்ணாதுரை அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடந்துகொண்டே கேட்டார். யார் யாருக்கு என்ன முறை என்பது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. இருந்தாலும் அந்தச் சதாசிவம் தங்கை வீட்டில் சாப்பிடுவாரா மாட்டாரா என்பது அவருக்கே பெரிய கவலையாகிவிட்டது.

புதன்கிழமை கடைக்குப் போனபோது ரவூப்பின் கண் சிவந்திருந்தது. முடிவைச் சொல்லும்போது இரண்டு இடத்தில் நிறுத்தித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, புஸ்தகத்தக் குடுங்க பாய்."

ரவூப் கடைக்கு வெளியே பார்த்தார். "எங்க வீட்டுக்காரி ஆமினா எடுத்துட்டுப் போயிட்டா. உட்லண்ட்ஸ்ல மக வீட்டுல இருக்கா. அவ முதல்லேர்ந்து படிக்கிறா, அதான் லேட்டு."

அண்ணாதுரை ஆமினா பீவிக்குப் போன் போட்டார். "நீங்க நிம்மதியா கப்பல்ல போயிட்டு வாங்கண்ணே. பத்திரமா வச்சிருக்கேன்" என்று அந்த அம்மாள் ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த பக்கத்துக்கு அவ்வளவு அவசரம் போலிருக்கிறது.

சாயங்காலம் சுசீலா புத்தகங்களைப் புதுப் பைக்கு மாற்ற உட்கார்ந்தாள். ஆறு வந்தது. பெட்டியின் அடியில் கைவிட்டுத் துழாவினாள்.

"என்னங்க, ஊதா அட்டைப் புஸ்தகத்தப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான்கு நாள் ஒரே அறையில் ஒரு பொய்யையும் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? போன், ரவூப், ஆமினா பீவி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

சுசீலா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்குன்னு ஆசையா மிச்சம் வச்சிருந்தேன். இப்ப ஊரே படிச்சிருச்சு, நான்தான் பாக்கி" என்றாள். மடித்த புடவையை உதறி மறுபடி மடித்தாள். "உங்களுக்கு எதுக்குங்க அது?"

"நீ அழுத சுசீ. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், எதுக்குன்னே எனக்குத் தெரியல. கப்பல்லயும் நீ அதுக்குள்ள போயிருவ, நான் வெளிய நின்னுக்கிட்டு இருக்கணும். அதான்."

சுசீலாவின் கையில் அந்தப் புடவை இன்னும் இரண்டு தடவை மடிபட்டது. பிறகு அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"கை நனைச்சாரா?"

"சொல்லவா? திரும்பி வந்து நீயே படிக்கலாம்னா..."

"நனைச்சாரா இல்லையா?"

அண்ணாதுரை கட்டிலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். பஸ் ஓட்டியவர் அல்லவா, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்றுதான் வந்தார். சதாசிவத்தின் மனைவி கோமதி, பாவம், நல்ல மனுஷி, நோயில் செத்துப்போனாள் என்றபோது சுசீலா குறுக்கே பாய்ந்தாள்.

"கோமதியா நல்லவ? அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சண்டை மூட்டிவிட்டதே அவதான். யாரு சொன்னா நல்லவன்னு?"

"நான் பாதி வழியில பஸ் ஏறினவன். முன்னாடி நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, சொல்லுங்க. அப்புறம்?"

அப்புறம் என்று அவரை அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அண்ணாதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வயசான காலத்துல ஒரு நாளு நல்ல வெயில்ல நடந்து தங்கச்சி வீட்டு வாசலுக்கு வர்றாரு. தங்கச்சி கோயிலுக்குப் போயிருக்கா. புதுசா வந்த மருமகப் பொண்ணு மட்டும் இருக்கு. அதுக்கு இவரத் தெரியாது. தாத்தா, சாப்பிட்டீங்களான்னு கேக்குது. பரண்லேர்ந்து ஒரு தட்ட எடுத்துக் கழுவி, சோறும் ரசமும் போட்டு வைக்குது. இவரு தட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு. அப்புறம் சாப்பிடுறாரு. அவரே கழுவித் திண்ணையோரமாக் கவுத்துட்டுப் போயிர்றாரு. தங்கச்சி வந்து தட்டப் பாக்குறா. யாரு வந்தாங்கன்னு கேக்குறா. யாரோ ஒரு தாத்தான்னு பொண்ணு சொல்லுது. தங்கச்சி அந்தத் தட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அவ்வளவுதான், கதை முடிஞ்சிருச்சு. பாய் அழுதாரு. எனக்கு ஒண்ணும் தோணல. சாப்பிட்டாரு, நல்லதுதானே?"

சுசீலாவின் கை நின்றிருந்தது. "என்ன தட்டு?"

"ஏதோ வெண்கலத் தட்டு. விளிம்புல பேர் வெட்டியிருக்குமாம்."

"என்ன பேரு?"

"பாய் சொன்னாரே. மீனாட்சி."

சுசீலா புடவையை அப்படியே விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது அவங்க அம்மா பேருங்க. அம்மா சாப்பிடுற தட்டு. அவங்க போனப்புறம் பாத்திரம் பிரிச்சாங்க. அண்ணன், தங்கச்சி ரெண்டு பேருமே வேற எதையும் கேக்கல, அந்தத் தட்ட மட்டும் கேட்டாங்க. அது காணாமப் போச்சு. வேதவல்லிதான் திருடிட்டான்னு கோமதி சொன்னா. அதுலேர்ந்துதான் அண்ணன் அந்த வீட்டுல கை நனைக்கல." சுசீலா மூச்சை இழுத்துக்கொண்டாள். "அப்ப வேதவல்லிதான் எடுத்திருக்கா. இவருக்கு இத்தனை வருஷம் கழிச்சு அந்தத் தட்டுலயே சோறு வந்திருக்கு. வீட்டுல வேற யாரும் இல்ல. எடுத்துட்டுப் போனாலும் கேக்க ஆளில்ல. கழுவி வச்சிட்டுப் போயிருக்காருங்க."

ரவூப்பின் கடையில் கேட்டபோது அண்ணாதுரைக்கு அது வெறும் தட்டு. அந்த மனிதர் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டு, விளிம்பில் அம்மாவின் பெயரை விரலால் தொடுவது இப்போது அண்ணாதுரையின் கண்ணுக்குத் தெரிந்தது. பொலபொலவென்று கண்ணீர் வந்தது. அவர் மறைக்கவில்லை. சுசீலாவும் அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் தட்டுக்காக மட்டும் அழுத மாதிரி இல்லை.

"அந்த அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "முதல்லேர்ந்து சொல்லு."

"பெட்டி கட்ட வேணாமா?"

"அது கிடக்கு."

மறுநாள் மரீனா பே கப்பல்துறையிலிருந்து கப்பல் நகர்ந்தபோது மேல்தளத்தில் இருந்தவர்களெல்லாம் ஓரத்துக்கு ஓடிப் படம் எடுத்தார்கள். அண்ணாதுரையும் சுசீலாவும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆறு புத்தகங்களும் அறையில் பைக்குள்ளேயே கிடந்தன. சுசீலா சொல்லிக்கொண்டிருந்த கதையில் மீனாட்சியம்மாள் இன்னும் உயிரோடுதான் இருந்தாள், பாத்திரம் பிரிப்பதற்கு வெகுநாள் இருந்தது.