கேப்டன் மட்டும் பேசலாம்

மனித குலம் கண்டுபிடித்த விளையாட்டுகளிலேயே உழைக்கிறவனுக்கு அதிகக் கெடுதல் செய்தது ரக்பிதான். யோசிக்காமல் சொல்லவில்லை. காலேஜ் டீமில் மூன்று வருடம் ஆடி, ஒரு முன்பல்லையும் எல்லா செமஸ்டரையும் இழந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். கபடி ஆடினவன் போலீசில் இருக்கிறான். கிரிக்கெட் ஆடினவன் பேங்கில் இருக்கிறான். நாங்கள் திருவொற்றியூரில் ஒரு யார்டில் கன்டெய்னருக்குள் மூட்டை அடுக்குகிறோம்.

நாங்கள் என்றால் நானும் பென்னியும். பென்னி எங்கள் கேப்டன். ராயபுரத்துக்காரன். கழுத்து என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே கிடையாது. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். ரக்பியில் ரெஃப்ரீயிடம் கேப்டன் மட்டும்தான் பேசலாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சார் போட்டு. மற்றவன் வாயைத் திறந்தால் மொத்த டீமும் பத்து மீட்டர் பின்னால் போக வேண்டும். சிவப்பு அட்டை காட்டினால் ஏன் என்று கேட்காமல் வெளியேறிவிட வேண்டும். நாங்கள் ஆடுவதை விட்டு வருடங்களாகியும் பென்னிக்கு அந்த ஆட்டம் முடியவில்லை. ரேஷன் கடையில், பெட்ரோல் பங்கில், பஸ் கண்டக்டரிடம், எங்கும் பின்னால் கட்டிய அதே கை, அதே சார். “இன்னா மச்சான், கிரவுண்டுன்னு நென்ச்சிக்கினியா?” என்று நான் அவனைப்போலவே நின்று காட்டுவேன். யார்டே சிரிக்கும். அவனும் சிரிப்பான்.

மே மாதம். மீஞ்சூரில் கடலையே குடிதண்ணீராக்குகிறார்கள். இந்தப் பக்கம் எங்கள் யார்டில் ஒரு வாரமாகத் தண்ணீர் கேன் வரவில்லை. ஆபீஸ் அறையில் மட்டும் வந்தது. நடுப்பகலில் குமாரவேல் அண்ணன் மூட்டையோடு கன்டெய்னருக்குள்ளேயே மயங்கி விழுந்தார். கத்துவதற்கு நான் வாயைத் திறந்தேன். பென்னி என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளிவிட்டு மேனேஜரிடம் போனான்.

“சார், ஒரு நிமிஷம். குடிக்கத் தண்ணி வேணும் சார்.”

“நீ யாருடா கேக்கறதுக்கு? யூனியன் லீடரா?”

“இல்ல சார். எங்காளுங்களுக்காவ கேக்கறேன் சார்.”

“வெளிய போடா.”

அறையைவிட்டு வெளியே என்றுதான் அவர் சொன்னார். இந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் படி இறங்கி, பீடி பற்றவைத்து, அவருடைய பரம்பரையை நாலு வார்த்தை விசாரித்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். பென்னி தலையாட்டினான். கையுறைகளைக் கழற்றி மூட்டை மேல் வைத்தான். யார்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, லாரி வரிசைக்குள் நடந்து போய்விட்டான்.

மறுநாள் செக்யூரிட்டி அவனை உள்ளே விடவில்லை. தானாகவே வேலையை விட்டுப் போனவனாம். வீட்டில் அவன் மனைவி ஜூடிக்கு ஏழாம் மாதம்.

“உன்ன எவன்டா கேட்டுக்கு வெளிய போவச் சொன்னது?” என்று கேட் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

“வெளிய போன்னாரு. போனேன்.”

“அவன் இன்னா ரெஃப்ரீயா? வாயில விசில் வச்சிக்கினு கீறானா?”

அவன் கம்பி வழியாக யார்டை எட்டிப் பார்த்தான். “தண்ணி வந்திச்சா?” என்றான்.

வந்திருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

கன்டெய்னர் கூட்டுகிற ராமசெல்வி அக்கா கேனுக்குப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்தார். “அவன் கேட்டு வாங்கின தண்ணிய மட்டும் நல்லா குடிக்கிறீங்கடா. அவனுக்காவ போய்க் கேக்க ஒருத்தனுக்கும் வாயி கீதா?”

“நான் கேக்கறேங்கா. எப்டி கேக்கறேன்னு மட்டும் பாரு.”

நான் காசிமேட்டில் மீன் ஏலச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவன். மேனேஜரின் அம்மாவில் தொடங்கி, அக்கா வழியாக மாமியார் வரைக்கும் வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டே ஆபீஸ் படி ஏறினேன். பின்னால் செருப்புச் சத்தங்கள். திரும்பிப் பார்த்தேன். குமாரவேல் அண்ணன், ராமசெல்வி அக்கா, மூட்டைக்காரர்கள் எல்லாரும் படியில் நின்றிருந்தார்கள். என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தேன். ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது. மேனேஜர் போனிலிருந்து நிமிர்ந்தார்.

“என்னடா?”

“சார்,” என்றேன். “ஒரு நிமிஷம் சார்.”

முதுகுக்குப் பின்னால் என் வலது கை, இடது மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தது.